அவசரச் சிறுநீருக்கு மாத்திரை: வாய் காய்வது முதல் மனக்குழப்பம் வரை, வீட்டில் கவனிக்க வேண்டியது என்ன?

ரத்தக் கொதிப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை பற்றியெல்லாம் உங்கள் பாட்டி வெளிப்படையாகப் பேசுவார். ஆனால் அதே மருந்துப் பையில் இன்னொரு சின்ன மாத்திரை இருக்கலாம். எதற்கு என்று கேட்டால், "அது சும்மாடா, டாக்டர் கொடுத்தது" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அட்டையில் உள்ள பெயரைப் பாருங்கள். ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின், மிராபெக்ரான் ஆகியவற்றில் ஒன்று என்றால், அது பெரும்பாலும் 'ஓவர்ஆக்டிவ் பிளாடர்' எனப்படும் மிகைச்செயல் சிறுநீர்ப்பைக்கான மருந்து. அடக்க முடியாத அவசரத்தோடு திடீரெனச் சிறுநீர் வருவது, பகலில் அடிக்கடி போவது, இரவில் தூக்கம் கலைந்து எழுவது, சில சமயம் பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் கசிந்துவிடுவது ஆகியவை இதன் அறிகுறிகள்.

இந்த மருந்துகளால் பலருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. லிட்டில் இந்தியாவில் சேலை வாங்கப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் முதலில் 'தண்டாஸ் எங்கே?' என்று தேடிக்கொண்டிருந்தவர், நிம்மதியாக வெளியே போக ஆரம்பிக்கிறார். இது சின்ன விஷயம் இல்லை.

சிக்கல் பக்கவிளைவுகளில் இருக்கிறது. பலன் முழுமையாகத் தெரிய 4 முதல் 8 வாரங்கள் ஆகலாம், ஆனால் தொல்லைகள் முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். அதனால் பலர் மருத்துவரிடம் சொல்லாமலேயே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் விடாமல் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு வரும் தொல்லையை வீட்டில் யாரும் மருந்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை, "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டாவது நிலைமைதான் அதிக ஆபத்தானது.

ஊமத்தங்காய் சொல்லும் பாடம்

சிறுநீர்ப்பையின் சுவர் ஒரு தசை. அது சுருங்க வேண்டும் என்ற உத்தரவை நரம்புகள் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூலம் அனுப்புகின்றன. மிகைச்செயல் இருப்பவர்களுக்கு, பை நிறைவதற்கு முன்பே தசை சுருங்கத் தொடங்கிவிடுகிறது. ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின் போன்றவை அந்த உத்தரவு தசையைப் போய்ச் சேராமல் தடுக்கின்றன.

ஆனால் அசிட்டைல்கோலின் சிறுநீர்ப்பைக்கு மட்டும் சொந்தமானது அல்ல. எச்சில் சுரப்பதற்கும், குடல் அசைவதற்கும், கண் அருகில் உள்ளதைத் தெளிவாகப் பார்ப்பதற்கும், வியர்வை வருவதற்கும், மூளையில் நினைவாற்றலுக்கும் அதே வேதிப்பொருள் தேவை. மாத்திரை ரத்தத்தில் கலந்த பிறகு உடம்பு முழுக்கப் போகும், 'சிறுநீர்ப்பைக்கு மட்டும் போ' என்று அதனிடம் சொல்ல முடியாது.

இதைப் புரிந்துகொள்ள ஊமத்தை நல்ல உதாரணம். சிவனுக்குச் சாத்தும் அதே பூவின் செடிதான், மலாய்க்காரர்கள் 'கெச்சுபோங்' என்பார்கள். ஊமத்தங்காய் தின்றால் பைத்தியம் பிடிக்கும் என்று ஊர்ப்பக்கம் சொல்வது வெறும் பயமுறுத்தல் அல்ல. அந்தச் செடியில் உள்ள அட்ரோபினும் ஸ்கோபோலமினும் அசிட்டைல்கோலினைத் தடுப்பவை. அதைத் தின்றவருக்கு வாய் வறண்டுபோகும், கண்மணி விரியும், தோல் சூடாகும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும், பேச்சு உளறலாகும்.

சிறுநீர்ப்பை மாத்திரை ஊமத்தை அல்ல. அது அளந்து தயாரிக்கப்பட்டது, கூடுமானவரை சிறுநீர்ப்பையை நோக்கியே வடிவமைக்கப்பட்டது. ஆனாலும் அது போவது அதே பாதை என்பதால் பக்கவிளைவுகளின் பட்டியலும் கிட்டத்தட்ட அதேதான், வேகம் மட்டும் குறைவு. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

'உடம்பு சூடு' என்ற தப்புக் கணக்கு

மிக அதிகமாக வரும் தொல்லை வாய் வறட்சி. சோலிஃபெனாசின் பரிசோதனைகளில், 5 மில்லிகிராம் எடுத்தவர்களில் சுமார் 11 விழுக்காட்டினருக்கும், 10 மில்லிகிராம் எடுத்தவர்களில் சுமார் 28 விழுக்காட்டினருக்கும் இது வந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் இது சுமார் 4 விழுக்காடு. 1975-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்தான ஆக்ஸிபியூட்டினினின் சாதாரண மாத்திரையில் இந்த எண்ணிக்கை 70 விழுக்காட்டைத் தாண்டியது. மருந்தின் அளவும் வகையும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த எண்களே சாட்சி.

அடுத்து வருவது மலச்சிக்கல், மங்கலான பார்வை, உலர்ந்த கண்.

வாய் காய்வது, மலம் இறுகுவது, கண் எரிவது மூன்றையும் சேர்த்து நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். "உடம்பு சூடுப்பா" என்பார்கள். உடனே பார்லி தண்ணி, இளநீர், மோர். மருந்தைப் பற்றி யாருக்கும் யோசனையே வராது. ஜாடி ஜாடியாகக் குடித்தால் சிறுநீர் இன்னும் அதிகமாகும், 'மாத்திரை வேலை செய்யல' என்ற முடிவுக்கு வருவார்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் தனி ஆபத்து.

வறட்சிக்காக இனிப்பு மிட்டாய் சப்புவதும், அடிக்கடி தே தாரிக் குடிப்பதும் இன்னொரு பழக்கம். எச்சில் குறைந்த வாயில் பல் வேகமாகச் சொத்தையாகும், சர்க்கரையும் ஏறும். தேநீரிலும் காப்பியிலும் உள்ள கஃபீன் சிறுநீர்ப்பையைத் தூண்டவும் செய்யும். அதற்குப் பதிலாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் பருகலாம், சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். பொய்ப்பல் கட்டியவர் 'சோறு தொண்டைக்குள்ள இறங்க மாட்டேங்குது' என்றால், குழம்பைக் கூட ஊற்றுவதோடு விடாமல் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

மலச்சிக்கலையும் அலட்சியப்படுத்த வேண்டாம். நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தி, எந்தத் தொல்லைக்காக மருந்து எடுத்தாரோ அதையே திரும்பக் கொண்டுவரும்.

வெயிலும் தைப்பூசமும்

வியர்வை குறைவது பினாங்கு மாதிரி ஊரில் தனியாகப் பேச வேண்டிய விஷயம். உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழியே வியர்வைதான். குளிர்நாட்டு மருத்துவ இணையதளங்களில் இதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் இருக்காது. லெபோ பினாங்கிலிருந்து தண்ணீர்மலை வரை நாள் முழுக்க ரதத்தோடு நடப்பவருக்கு இது ஒரு வரியோடு முடிகிற விஷயம் இல்லை.

வழியில் பாத்ரூம் கிடைக்காதே என்று பயந்து, தண்ணீர்ப் பந்தலைத் தாண்டித் தாண்டி நடக்கும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். வியர்வையைக் குறைக்கும் மாத்திரை, தண்ணீர் குடிக்காமை, வெயில் மூன்றும் ஒரே நாளில் சேரக் கூடாது. தோல் சூடாக, காய்ந்து, ஆள் தடுமாறினாலோ உளறினாலோ வெப்பத் தாக்கமாக இருக்கலாம். நிழலுக்குக் கூட்டிப்போய் உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 999-ஐ அழையுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் இன்னும் சில உண்டு. முட்டிக்கொண்டு வருகிறது, ஆனால் சிறுநீர் ஒரு சொட்டும் இறங்கவில்லை என்றால் உடனே மருத்துவமனை. புராஸ்டேட் வீக்கம் உள்ள தாத்தாக்களுக்கு இந்த ஆபத்து அதிகம். கண்ணில் கடும் வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது ஆகியவை கண் அழுத்தம் திடீரென ஏறியதைக் காட்டலாம். குறுகிய கோண கிளாக்கோமா உள்ளவர்களுக்கும், மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோய் உள்ளவர்களுக்கும் இந்த வகை மருந்து பொதுவாகப் பொருந்தாது. முகம், உதடு, நாக்கு வீங்கினால் அது ஒவ்வாமை, அங்கும் நேரம் கடத்தக் கூடாது.

மறதியை உண்டாக்குமா?

வாட்ஸ்ஆப்பில் அதிகம் சுற்றும் கேள்வி இதுதான். பதிலை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, உடனடிக் குழப்பம். மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில நாட்களில் முதியவர் மந்தமாகிறார், நேரம் இடம் மறக்கிறார், இல்லாததைப் பார்க்கிறார் என்றால் அது மருந்தாக இருக்கலாம். ஆக்ஸிபியூட்டினின் மூளைக்குள் எளிதாக நுழையக்கூடியது. அதனால்தான் உடல் தளர்ந்த வயதான பெண்களுக்கு அதன் சாதாரண மாத்திரையைத் தர வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல் சொல்கிறது. இந்தக் குழப்பம் பெரும்பாலும் மருந்தை மாற்றினால் விலகக்கூடியது. ஆகவே இதை 'வயசு' என்று விட்டுவிடுவதுதான் பெரிய இழப்பு.

இரண்டாவது, நீண்டகால டிமென்ஷியா. 2015-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, 65 வயதைத் தாண்டிய 3,434 பேரைச் சராசரியாக 7 ஆண்டுகளுக்கு மேல் கவனித்தது. அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகளை மிக அதிகமாக, அதாவது மூன்று ஆண்டுகளுக்கு மேல் தினமும் எடுப்பதற்குச் சமமான அளவில் எடுத்தவர்களுக்கு, அறவே எடுக்காதவர்களைவிட டிமென்ஷியா அபாயம் 54 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2019-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வும் சிறுநீர்ப்பை மருந்துகளில் இதே போன்ற தொடர்பைக் கண்டது.

தொடர்பு என்றால் காரணம் என்று பொருள் இல்லை. டிமென்ஷியாவின் ஆரம்ப நிலையே சிறுநீர் அவசரத்தை உண்டாக்கலாம், அப்போது மருந்து பின்னால் வந்ததாக இருக்கும். இந்த வகை ஆய்வுகளால் அதை முழுமையாகப் பிரித்துக் காட்ட முடியாது. பயந்துபோய் பாட்டியின் மாத்திரையைக் குப்பையில் போடும் அளவுக்கு ஆதாரம் இல்லை. அதே நேரம், ஆண்டுக்கணக்கில் மறுபரிசீலனையே இல்லாமல் அதே மாத்திரையைத் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பதும் சரியில்லை.

ஒரு மாத்திரை அல்ல, கூட்டல் கணக்கு

பல வீடுகளில் கோட்டைவிடும் இடம் இது. சிறுநீர்ப்பை மாத்திரை மட்டும் தனியாக இருந்தால் சமாளித்துவிடும் உடம்பு, அதே வேலையைச் செய்யும் இன்னும் இரண்டு மருந்து சேர்ந்தால் தடுமாறும்.

சளிக்கும் அரிப்புக்கும் பார்மசியில் வாங்கும் குளோர்பெனிரமின், தூக்கம் வரவைக்கும் இருமல் மருந்தில் உள்ள டைபென்ஹைட்ரமின், வயிற்றுப் பிடிப்புக்கு எடுக்கும் ஹையோசின், சில பயண வாந்தி மாத்திரைகள், சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின் எல்லாமே வெவ்வேறு அளவில் அசிட்டைல்கோலினைத் தடுப்பவை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கிளினிக்கில், ஒவ்வொரு கடையில் வாங்கியிருப்பார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்த ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

இதைவிட விசித்திரமான சிக்கலும் உண்டு. மறதி நோய்க்குத் தரப்படும் டோனெப்பெசில், மூளையில் அசிட்டைல்கோலினைக் கூட்டுகிறது. அதன் பக்கவிளைவாகச் சிலருக்குச் சிறுநீர் அவசரம் வரும். அதற்கு வேறொரு மருத்துவர் ஆக்ஸிபியூட்டினின் எழுதுவார். ஒரு மாத்திரை கூட்டுகிறது, இன்னொன்று தடுக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்பவர் உங்கள் தாத்தா. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இப்படி நடப்பதை 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்தது.

அடிக்கடி சிறுநீர் போவதே வேறு மருந்தால் வந்ததா என்றும் கேட்க வேண்டும். நீர் இறக்கும் ஃபுரோசமைட், சர்க்கரைக்கான டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் ஆகியவை சிறுநீரை அதிகமாக்குபவை. கட்டுப்படாத சர்க்கரை நோயும் அப்படித்தான். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதிலும் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். சிறுநீர்ப்பை மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் சர்க்கரையையும் சிறுநீர்த் தொற்றையும் பரிசோதிப்பது இதனால்தான்.

மிராபெக்ரான் வேறு வழி

2011-இல் ஜப்பானில் முதலில் அனுமதி பெற்ற மிராபெக்ரான் அசிட்டைல்கோலினைத் தொடுவதில்லை. பீட்டா-3 என்ற வேறொரு ஏற்பியைத் தூண்டித் தசையைத் தளர்த்துகிறது. வாய் வறட்சி, மலச்சிக்கல் குறைவு என்பதால் முதியவர்களுக்கு மருத்துவர்கள் இதை யோசிப்பது உண்டு.

ஆனால் இது ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். மேல் எண் 180 அல்லது கீழ் எண் 110-ஐத் தொட்டு, கட்டுப்படாமல் இருப்பவர்கள் எடுக்கக் கூடாது. இதயத் துடிப்பு வேகமாவது, தலைவலி, சிறுநீர்த் தொற்று ஆகியவையும் பதிவாகியுள்ளன. மெட்டோப்ரோலோல், டிகாக்சின் போன்ற இதய மருந்துகளின் அளவு ரத்தத்தில் கூடலாம். வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷின் இருந்தால், தொடங்குவதற்கு முன்னும் பின்னும் எண்ணைக் குறித்துவையுங்கள்.

விழுங்கச் சிரமமாக இருக்கிறது என்று மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது நம்மிடம் சகஜம். மிராபெக்ரானும், மற்றவற்றின் நீண்டநேர வகைகளும் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை. பொடித்தால் நாள் முழுக்கப் போக வேண்டிய மருந்து ஒரேயடியாக உள்ளே போகும்.

பினாங்கில் யாரிடம் கேட்பது?

மருந்தைப் பற்றிக் கேள்வி கேட்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019-இல் மறையும் வரை பல பத்தாண்டுகள் தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், ஆபத்தான மருந்துகள் பற்றித் தொடர்ந்து குரல் கொடுத்தது. மலேசியாவின் முதல் மருந்தியல் கல்வித்துறை 1972-இல் இங்குள்ள சயின்ஸ் மலேசியா பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. தேசிய நச்சு மையமும் அதே வளாகத்தில் இருக்கிறது. யாராவது தவறுதலாக இரட்டிப்பு அளவு விழுங்கிவிட்டால் ஆலோசனை பெறக்கூடிய இடம் அது.

அன்றாடக் கேள்விகளுக்கு அரசு கிளினிக்கின் மருந்தாளரே போதும். வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும், சளி மாத்திரை, நாட்டு மருந்து, சத்து மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். 'இதுல எதெல்லாம் வாயை வறட்சியாக்கும், எதெல்லாம் குழப்பம் தரும்?' என்று நேராகக் கேளுங்கள்.

ரிமுப் என்று அழைக்கப்படும் நோயாளிக்கான தகவல் தாளையும் கேட்டு வாங்கலாம். அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். இங்கேதான் உங்கள் வேலை வருகிறது. 'முலுட் கெரிங்' என்றால் வாய் வறட்சி, 'செம்பெலிட்' மலச்சிக்கல், 'பெங்லிஹாத்தான் காபுர்' மங்கல் பார்வை, 'கெலிரு' மனக்குழப்பம். அந்தத் தாளைத் தமிழில் வாசித்துச் சொல்ல பாட்டிக்கு உங்களை விட்டால் ஆள் இல்லாமல் இருக்கலாம். பேரனிடம் இதைப் பேச அவர் கூச்சப்பட்டால், அக்காவோ அத்தையோ பேசட்டும்.

"பாட்டி, அந்த மாத்திரை எடுக்க ஆரம்பிச்சதுல இருந்து வாய் காயுதா? வெளிக்கிப் போறது கஷ்டமா இருக்கா?" என்று கேட்பது, "ஏதாச்சும் சைட் எஃபெக்ட் இருக்கா?" என்பதைவிட நல்ல பதிலைத் தரும்.

பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால், அதை நீங்களே தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.வுக்குத் தெரிவிக்கலாம். பயனீட்டாளர்களுக்கென்றே கான்சர்ஃப் என்ற படிவம் இருக்கிறது. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகமே போதும். மலேசியா 1990 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் உறுப்பு நாடு. பினாங்கில் இருந்து போகும் ஒரு படிவமும் உலகத் தரவுத்தளத்தைப் போய்ச் சேர முடியும்.

மருந்தை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா, சிறுநீர்ப்பைப் பயிற்சியையும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியையும் முயல்வதா என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அவர் சோலிஃபெனாசினை நிறுத்தச் சொன்னால், மறுநாளே வாய் ஈரமாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த மருந்தில் பாதி உடம்பைவிட்டு நீங்கவே இரண்டு நாள் அல்லது அதற்கு மேல் ஆகும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் உண்மையான வித்தியாசம் தெரியும். அதுவரை எந்தத் தேதியில் நிறுத்தினார், என்ன மாறியது என்பதைக் கைப்பேசியில் குறித்துவைத்தால், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது காட்டலாம்.